அலமாரிச் சாவி

கண்ணை எடுக்கக் கூடாது என்பது விதி. போதைக்குச் சிகிச்சை பெறும் கால்நடை மருத்துவர் சோதனைக்கு மூத்திரம் கொடுக்கும்போது, இன்னொரு கால்நடை மருத்துவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அப்படித்தான் முகுந்தனின் கிளினிக் கழிப்பறையில் தேவசகாயம் நின்றுகொண்டிருந்தார். முகுந்தன் கையில் பிளாஸ்டிக் கப். ஒரு சொட்டும் வரவில்லை.

"கொஞ்சம் திரும்பிக்குங்க சார்."

"முடியாது. சீக்கிரம் ஆகட்டும்."

தேவசகாயம் முகத்தைச் சுளித்தார். மூத்திர நாற்றத்தால் அல்ல. மாட்டு மூத்திரத்திலும் சாணியிலும் தோள்வரை நனைந்தவர்தான் அவர். நாய்க்குப் போடவேண்டிய மயக்க மருந்தைத் தனக்கு ஏற்றிக்கொண்டு, நாய்க்கு வெறும் தண்ணீரை ஏற்றி, வாயைக் கட்டி வயிற்றை அறுத்த கை முகுந்தனுடையது. அந்தக் கைதான் கப்பைப் பிடித்திருந்தது.

பொறுக்க முடியாமல், தொழுவத்தில் மாட்டுக்குச் செய்வதுபோல, "உஸ்ஸ்... உஸ்ஸ்..." என்றார். வந்துவிட்டது.

சோதனைப் பட்டையைக் கப்பில் நனைத்துப் பார்த்தார். இந்தத் தடவையும் மருந்தின் சுவடே இல்லை.

"இனி மயக்க மருந்து அலமாரிச் சாவி எங்கிட்டயே இருக்கலாம்ல சார்? விதி அதுதானே?" என்று முகுந்தன் சிரித்தான்.

விதி அதுதான்; தொடர்ந்து சோதனையில் தேறினால் சாவியைத் திருப்பித் தர வேண்டும். தேவசகாயம் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தபடி கதவைத் திறந்தார். வெளியே பெஞ்சடியில், வயிற்றில் தழும்போடு ஒரு நாய் தடுப்பூசிக்குக் காத்திருந்தது. முகுந்தனைப் பார்த்ததும் அது குரைக்கவில்லை, ஓடவும் இல்லை. நின்ற இடத்திலேயே பெய்தது.

"ஆபரேஷன் பண்ணினதுலேருந்து இவரைப் பார்த்தாலே இப்படித்தான் சார்," என்றாள் அதைப் பிடித்திருந்த பெண்.

முகுந்தன் சாவிக்காகக் கையை நீட்டியபடியே நின்றான்.