தொட்டி நிறைவதற்குள்

"பாஸ்டர், இன்னும் ஒரே ஒரு கேள்வி," என்றான் மைக் மெக்கானிக், ஒயரைச் சுருட்டிக்கொண்டே.

போதகர் வேதாகமத்தை மூடிவைத்தார். வாலிபர் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி சரிசெய்ய வந்தவன், வேலை முடிந்தாலும் கிளம்பாமல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வாராவாரம் குடைகிறான்.

"இவன் கேட்டு முடிக்கறதுக்குள்ள இயேசுவே திரும்பி வந்துருவார்," என்றாள் கல்லூரி மாணவி ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

போதகர் சிரிக்கவில்லை. அவர் காது பக்கத்து அறையில் இருந்தது. அங்கே ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குழாயடியில் நிற்பவள் அவர் மகள். விடிந்தால் அதே தொட்டியில் இறங்கப்போகிறவளும் அவள்தான். வீட்டில் ஒரு துக்கம் நடந்ததிலிருந்து அவள் வாய் திறப்பதே அரிது. ஞானஸ்நானம் எடுத்தால் தேறிவிடுவாள் என்று நம்பியிருந்தார். அதற்குள் இவன் எதையாவது உளறி அவள் மனதைக் கலைத்துவிட்டால்? நடுவில் இருப்பது கதவுகூட இல்லை, வெறும் திரைச்சீலை.

"சுருக்கமா கேளு தம்பி."

"ஒருத்தர் இருந்தார். சாமி, சர்ச்சு எதுவும் கிடையாது. ஆனா யாருக்கு முடியலன்னாலும் மொத ஆளா வந்து நிப்பார். பொய்யே பேசமாட்டார். கேரம் ஆடும்போது மட்டும்தான் ஏமாத்துவார்."

"அப்ப எங்க ஹாஸ்டலே நரகத்துக்குத்தான்," என்றாள் மாணவி.

"கடைசிவரைக்கும் அவர் நம்பல. செத்துட்டார். இப்ப எங்க இருப்பார் பாஸ்டர்?"

இந்த ஆளைப் பற்றி எங்கோ கேட்டது போலிருந்தது. யோசிக்க நேரமில்லை. மழுப்பினால், திரைக்கு அந்தப்பக்கம் இருப்பவள் அதையே பிடித்துக்கொள்வாள். குரலை உயர்த்தினார்.

"நல்லவனா இருந்தா போதும்னா சிலுவை எதுக்கு? விசுவாசிக்கிறவனுக்குத்தான் இரட்சிப்பு. மறுத்தவனுக்குக் கிடையாது."

"சலுகையே இல்லையா?"

"இல்ல."

இந்த முறை மாணவியும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

பெட்டியைத் தூக்கிய மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார் போதகர். "உனக்கு நம்பிக்கை இல்லன்னா அது உன் இஷ்டம் தம்பி. நாளைக்கு என் பொண்ணு ஞானஸ்நானம் எடுக்குறா. கெஞ்சிக் கேக்குறேன், அவ காதுல விழற மாதிரி இனிமே எதுவும் கேக்காத."

அவன் நெளிந்தான். "எனக்கு நம்பிக்கை இல்லன்னு யார் சொன்னா? எங்க சபையில நான் எப்பவோ ஞானஸ்நானம் எடுத்தாச்சு பாஸ்டர். கேட்டது எதுவும் என் கேள்வி இல்ல. உங்ககிட்ட நேரா கேக்க பயமா இருக்குன்னு சொன்னாங்க. அதான்..."

பக்கத்து அறையில் தண்ணீர் சத்தம் நின்றது.

திரையை விலக்கிக்கொண்டு, ஈரக் கையோடு மகள் வந்து நின்றாள்.

"தொட்டி பாதிதான்ப்பா ரொம்பியிருக்கு. குழாய மூடிட்டேன்," என்றாள். "என் கேரம் மாமாவுக்கு இடமில்லாத இடத்துக்கு நான் எதுக்குப்பா?"