ஒரே படத்துக்கு ஆறு டிக்கெட்

அவளுடைய பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினான் கணவன்.

"ஒரே படத்துக்கு ஆறு டிக்கெட், ஆறும் வேற வேற தேதி. நான் வேலைக்குப் போனதும் தியேட்டருக்குக் கிளம்பிடறியா? அம்மா சொன்னப்போ நான் நம்பல."

நூல் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவள், அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"ஆமா, போனேன்."

"வீடு இருக்கிற இருப்புல உனக்கு சினிமா கேக்குதா? சரி, படத்தோட கதையைச் சொல்லு."

"தெரியாது."

"ஹீரோ யாரு?"

"அதுவும் தெரியாது."

அவன் குரல் உயர்ந்தது.

"அப்போ நீ படம் பாக்கப் போகல. யாரோட போன?"

கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கண்கள் சிவந்திருந்தன.

"தூங்கப் போனேன். ராத்திரி பூரா மில்லு. விடிஞ்சா சமையல், துணி. கண்ணை மூடினா இந்த ஒத்தை ரூம்ல ஆளாளுக்கு ஒரு வேலை சொல்றீங்க. அங்க திரையில குண்டே வெடிச்சாலும் எனக்கு முழிப்பு வராது. என்னைக் கூப்பிட அங்க ஆளில்ல. படம் முடிஞ்சதும் பெருக்குற அம்மாதான் தட்டி எழுப்புவாங்க."

அவன் டிக்கெட்டுகளைப் பொறுக்கித் திரும்பப் பையில் போட்டான்.

டிவி முன்னாலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

"சும்மாதானே நிக்கிற, ஒரு காபி போடு."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"உங்க பையனைப் போடச் சொல்லுங்க அத்தை. எனக்கு ஷோவுக்கு நேரமாச்சு."