ரிஃபாத்தின் ஒத்தாசை

பாறைக் கூம்புகள் மேல் வெயில் ஏறி இளஞ்சிவப்பாய்ப் பூக்கிறது. அதைப் பார்க்க நுர்ஜிஹானுக்கு ஏது நேரம்? பூசணி வயலில் நிற்கும் வண்டியின் ட்ரெய்லர் மேல் அவள், தான் ஓட்டப் பழகும் வெப்பக்காற்று பலூனின் கூடையை இறக்கியாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டாள். வண்டியில் இருப்பது அவள் புருஷன் ரிஃபாத். பலூன்களைத் துரத்திப் பிடிப்பதுதான் அவன் பிழைப்பு. வாக்கி-டாக்கி கரகரக்கிறது: "இன்னும் கொஞ்சம் போனா உங்கம்மா வீடே வந்துடும். நாஷ்டாவை அங்கேயே முடிச்சுக்கலாமா?" கூடையில் கூடவே நின்று பயிற்சி தரும் அய்தென் பூசணி விதையைக் கொறித்தபடி, "அவனை விடுடி. பலூனுக்குக் காது மந்தம். ஒரு தடவை நெருப்பைக் குடுத்துட்டுக் காத்திரு, சும்மா சும்மா கத்தாதே" என்கிறாள். கூடை இறங்குகிறது. நுர்ஜிஹான் கைப்பிடியை இழுக்கிறாள். தலைக்கு மேல் நெருப்பு சீறுகிறது. பலூன் இறங்கும் வேகம் மட்டும் குறையவில்லை. மறுபடி இழுக்கத் துடிக்கும் கையை அக்குளில் செருகிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். கீழே எஞ்சின் உறுமுகிறது. அய்தென், "அட மடையா!" என்கிறாள். பலூன் நிதானித்து, பூப்போல உட்கார்கிறது. கண்ணைத் திறந்தால், கூடைக்கு இரண்டு பக்கமும் ட்ரெய்லர் நின்றிருந்த சக்கரத் தடம். அடியில் நசுங்கிய பூசணிக்காய். வண்டி வயலின் மறுகோடியில் புழுதிக்கு நடுவே நிற்கிறது. "எதுக்குய்யா வண்டிய எடுத்தே?" அவள் கத்துவதற்கு வாக்கி-டாக்கியே தேவைப்படவில்லை. ரிஃபாத் பெருமையோடு தலையை நீட்டுகிறான்: "நீ எப்படியும் தாண்டித்தானே வருவே? ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு முன்னாடியே வந்துட்டேன்!"