பெலார்மினோவின் பற்கள்

“இந்த மலையிலேயே ஸ்ட்ரா போட்டுக் காப்பி குடிக்கிற ஒரே ஆம்பளை நீங்கதான்!” என்றாள் மனைவி ஹெர்மெலிண்டா.

பெலார்மினோ ஸ்ட்ராவை உறிஞ்சிக் கோப்பையைக் காலி செய்தார். அவர் காப்பித் தோட்டக்காரர். ஊர்க் குழுவின் தலைவரும்கூட. ஆற்றைக் குடைந்து பொன் தேட வந்தவர்களை எதிர்த்துக் கூட்டந்தோறும் பேசுபவர். வெல்லக் கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கறுப்புக் காப்பியை நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாய் உறிஞ்சுவதே அவர் வழக்கமாக இருந்தது. பல்லாண்டுகளுக்கு முன் காணாமற்போன தம்பியின் எலும்புகளைச் சிறு பெட்டியொன்றில் வாங்கி வந்து அடக்கம் செய்த பிறகு, அவ்வழக்கம் அடியோடு மாறிவிட்டது.

இப்போது குழல் வழியாக ஒரே மூச்சில் குடிக்கிறார். உடனே தண்ணீரால் கொப்பளிக்கிறார். ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியை மெல்லுகிறார். அரை மணி கழிந்த பின்னரே பல் துலக்குகிறார்.

“உடனே துலக்கினா என்னவாம்?”

“காப்பியோ தேத்தண்ணியோ குடிச்சதும் பல்லு எனாமல் கொஞ்சம் இளகியிருக்குமாம். அப்பத் தேய்ச்சா அதுவும் சேர்ந்து தேஞ்சிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

“ஓகோ, டாக்டரம்மா! வெல்லத்தை விடுங்கன்னு கல்யாணமான நாளா நான் கத்தறேன். நேத்து வந்தவ சொன்னதும் விட்டுட்டீங்க. இந்த வயசுல யாருக்குக் காட்ட இந்தப் பல்லு?”

“உனக்குத்தான்.”

“நான் பார்க்காத பல்லா? புதுசா என்ன காட்டப் போறீங்க?”

“புதுசா ஒண்ணுமில்ல, ஹெர்மே. இதே பல்லு, இப்படியே இருக்கணும்.”

அந்தப் பதில் அவளுடைய ஐயத்தை இன்னும் வளர்த்தது. சனிக்கிழமை சந்தைக்குப் போவதாகச் சொல்லி ஜீப்பில் தொற்றிக்கொண்டு நகரத்துக்குச் சென்றாள். நேரே பல் மருத்துவர் யாமிலேயின் அறைக்குள் நுழைந்தாள். மருத்துவர் இளம்பெண்; அழகாகவும் இருந்தாள். அதுவே போதுமானதாயிற்று.

“என் புருஷனை விட்டுடுங்க” என்றாள்.

“யாரும்மா நீங்க?”

“பெலார்மினோ பொண்டாட்டி. அந்த மனுஷனுக்குப் பல்லை மினுக்கிவிட்டு என்ன செய்யப் போறீங்க? கூட்டிக்கிட்டு ஓடப் போறீங்களா?”

யாமிலே சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அவர் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?”

“எதை?”

மருத்துவர் அலமாரியைத் திறந்து, வெள்ளைச் சுண்ணத்தில் வார்த்த பல் அச்சு ஒன்றை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். முன்பல்லின் ஓரம் சற்று உடைந்திருந்தது. திருமண நாளன்று அவர் புட்டியைப் பல்லால் திறந்தபோது உடைந்தது அது. ஹெர்மெலிண்டா அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

“ஆத்துப் பேச்சை விடலேன்னா ஆளையே காணாமப் பண்ணிடுவோம்னு பொன் தேடறவங்க அவரை மிரட்டியிருக்காங்க. கூட்டத்தை மட்டும் விட மாட்டேன்னுட்டார்.”

ஹெர்மெலிண்டா நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“உங்க கொழுந்தனாரைப் பல்லை வச்சுத்தானேம்மா அடையாளம் கண்டாங்க? ‘எங்கம்மா மாதிரி என் பொண்டாட்டியும் வருஷக்கணக்கா வாசலைப் பார்த்துக்கிட்டு நிக்கக்கூடாது, அச்சு எடுத்து வைங்க, அவ கேட்டு வந்தா கொடுங்க’ன்னார். ‘பல்லு தேஞ்சா அச்சோட பொருந்தாம போயிடுமே, எப்படிக் காப்பாத்தறது?’ன்னும் கேட்டார். அதைத்தான் நான் சொல்லிக் கொடுத்தேன்.”

ஹெர்மெலிண்டா உடைந்த அந்த முன்பல்லை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு பல் பார்க்கும் நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டாள்.

“என் பல்லுக்கும் அச்சு எடுத்துடுங்க, டாக்டரம்மா. அடுத்த கூட்டத்துக்கு நானும் அவரோட போறேன்” என்றாள்.