மூன்று சுற்று

"யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முக்கியமா, 'மன்னிச்சிடுங்க'ங்கிற வார்த்தை வரவே கூடாது!"

வந்ததும் வராததுமாக நிர்வாகியிடமும் காவலாளியிடமும் சொன்னார் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நெற்றி வியர்வையைக்கூடத் துடைக்காமல், பையிலிருந்து பாலிசித் தாள்களை எடுத்து மேசைமேல் பரப்பினார்.

வளர்ச்சிக் குறைபாடுள்ள வளர்ந்த பிள்ளைகளுக்கான பகல்நேரப் பயிற்சி மையம் அது. நிர்வாகிக்கு நேற்று மாலையிலிருந்து கை காலே ஓடவில்லை. எல்லோரும் 'கேப்டன்' என்று கூப்பிடும் இருபத்திரண்டு வயதுப் பையன் மைய வளாகத்திலேயே சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டுவிட்டான். பழைய ஏஜெண்ட் ஊர் மாறிப் போய்விட்டதால், போனில் மட்டுமே பேசியிருந்த இந்தப் புது ஏஜெண்டை அவசரமாக வரச் சொல்லியிருந்தார்.

"பாருங்க மேடம். தோட்ட வேலை இருக்கு, மெழுகுவத்தி இருக்கு, பாட்டு இருக்கு. இதுல எதுல அடிபட்டாலும் கம்பெனி பொறுப்பு. சைக்கிள் மட்டும் பட்டியல்ல இல்ல. 'நாங்கதான் ஏத்தினோம்'னு நீங்க ஒத்துக்கிட்டா கம்பெனி கையை விரிச்சிடும். பாலிசி ரத்தாகும்."

"பாலிசி இல்லேன்னா லைசென்ஸ் இல்ல. இருபத்தெட்டுப் பிள்ளைங்களும் வீட்டுக்குள்ள முடங்கிடும், சார்." நிர்வாகியின் குரல் உடைந்தது. "கேப்டனோட அம்மா இப்ப வர்றாங்க. நேர்ல பேசணும்னு போன் பண்ணினாங்க."

ஏஜெண்டின் முகம் வெளுத்தது. "இப்பவேவா?"

"ஆமா. கத்துவாங்களோன்னு பயமா இருக்கு."

"கத்தினா நல்லது. இந்த மாதிரி அம்மாவுக்குக் கோபம் வந்தா குரல் தாழ்ந்துடும். அப்பத்தான் பயப்படணும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அனுபவம், மேடம். இருபத்தஞ்சு வருஷ அனுபவம்."

வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஏஜெண்ட் தாள்களை வாரிச் சுருட்டிக்கொண்டார். "கம்பெனி ஆள் இங்க இருக்கறது தெரியக் கூடாது. நான் பக்கத்து ரூம்ல இருந்து குறிச்சுக்கறேன்." பதிலுக்குக்கூடக் காத்திராமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கேப்டனின் அம்மா உள்ளே வந்தார். உட்காரவில்லை. காவலாளியை ஒரு பார்வை, நிர்வாகியை ஒரு பார்வை.

"அவனுக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தது யாரு?"

குரல் தாழ்ந்திருந்தது.

அந்த அம்மாவின் சிவந்த கண்களைப் பார்க்கப் பார்க்க நிர்வாகியால் தாங்க முடியவில்லை. பாலிசியாவது ஒன்றாவது!

"மன்னிச்சிடுங்கம்மா. எங்களை நம்பி உங்க பிள்ளையை விட்டீங்க. நாங்க இன்னும் கவனமா இருந்திருக்கணும். தப்பு எங்க மேலதான்."

பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள்.

"மன்னிப்பு எதுக்கு?" என்றார் அம்மா. "சைக்கிள்லேர்ந்து விழுந்தான்னு போன்ல சொன்னீங்க. ஓட்டினான்னு ஒரு வார்த்தை சொல்லலியே! நிஜமாவே ஓட்டினானா?"

காவலாளியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "ஓட்டினானாவா? என் சைக்கிளைத்தானேம்மா எடுத்தான்! ஸ்டாண்டைத் தட்டினான், ஏறினான், பறந்துட்டான்! நான் பின்னாலயே ஓடறேன், பிடிக்க முடியல. காம்பவுண்டைச் சுத்தி மூணு ரவுண்டும்மா, மூணு ரவுண்டு!"

"கால் ஊனாமயா?"

"ஒரு தடவைகூட ஊனல! பிள்ளைங்க எல்லாம் வெளிய வந்து கைதட்டுது. அதைப் பாத்துட்டு இவனும் ஹேண்டில்பாரை விட்டுட்டு ரெண்டு கையாலயும் தட்டினான் பாருங்க, அப்பத்தான் விழுந்தான். விழுந்தும் சிரிக்கிறாம்மா!"

அம்மா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"வீட்டுக்கு வந்ததுலேர்ந்து மூணு விரலைக் காட்டிக்கிட்டே இருக்கான். வலிக்குதுங்கறான்னு மாத்திரை கொடுத்தேன். மூணு ரவுண்டுன்னு சொல்லியிருக்கான் என் தங்கம்!" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சட்டைப் பித்தான் போடவே அவனுக்குப் பதினஞ்சு வயசாச்சு. விழுந்துடுவான்னு பயந்து வீட்டுல இருந்த சைக்கிளையே தூக்கிக் கொடுத்தவ நான். கேஸ் போட வரல மேடம். அவனால முடியும்னு என்னைவிட அதிகமா யார் நம்பினாங்களோ, அவங்க கையைப் பிடிச்சு ஒரு தடவை கண்ணுல ஒத்திக்கணும். அதுக்குத்தான் ஓடி வந்தேன். யாரு அவங்க?"

நிர்வாகியும் காவலாளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சத்தியமா நாங்க யாரும் இல்லம்மா," என்றார் நிர்வாகி. "அவனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்கிறதே நேத்துதான் எங்களுக்குத் தெரியும்."

"அப்போ யாருதான் கத்துக்கொடுத்தது?"

பக்கத்து அறைக் கதவு மெல்லத் திறந்தது. பாலிசித் தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி ஏஜெண்ட் வெளியே வந்தார்.

"நான்தான்."

"சார்! உங்களுக்கென்ன பைத்தியமா?" பதறி எழுந்தார் நிர்வாகி.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். குரல் இன்னும் தாழ்ந்தது.

"ஏங்க... அப்போ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அப்பாவும் பிள்ளையும் 'வாக்கிங் போறோம்'னு கிளம்பிப் போனீங்களே, அதெல்லாம் இதுக்குத்தானா?"