இன்சூரன்ஸ் இல்லாத வகுப்பு

"இன்சூரன்ஸ் எடுத்தாச்சுங்களா, வாத்தியாரய்யா?"

கணக்கப்பிள்ளை செல்லசாமி இந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து நின்றுவிட்டார். அழகையா வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். அங்கே அவர் புதிதாக ஒரு வகுப்பு தொடங்கியிருந்தார். காட்டில் வழி கண்டுபிடிப்பது, கல் கூட்டி அடுப்பு மூட்டுவது, கயிறு பிடித்து ஓடை தாண்டுவது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் ஞாயிறு எப்போது வரும் என்று காத்துக் கிடந்தார்கள்.

"அட்டனுக்குப் போய்க் கேட்டேனே. பயிற்சி எடுத்த ஆள் இருந்தாத்தான் இன்சூரன்ஸ் குடுப்பாங்களாம்."

"அப்ப பயிற்சி எடுத்துட்டு வந்து ஆரம்பிக்கலாமுங்களே?"

"அதுக்கு லீவு வரணும், கண்டிக்குப் போகணும். அதுவரைக்கும் புள்ளைங்க ஆசை காத்துக்கிட்டா இருக்கும்? தொரையே சரின்னுட்டாரு. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

செல்லசாமி தலையைச் சொறிந்தார்.

"இல்லீங்க... எதுக்கும் சாக்கிரதையா இருந்துக்கலாம்னுதான்."

தோட்டத் துரை அனுமதி கொடுத்தது தன் இங்கிலீஷுக்கு மயங்கித்தான் என்பதில் வாத்தியாருக்குச் சந்தேகமே இல்லை. சாரணர் புத்தகம் ஒன்றை இரண்டு தடவை படித்திருந்தார். அதற்கு மேல் என்ன பயிற்சி வேண்டிக் கிடக்கிறது? இந்த மனுஷன் துரைக்கு உளவு சொல்லத்தான் வாராவாரம் ஒட்டிக்கொண்டு வருகிறார் என்று முடிவே கட்டிவிட்டார்.

ஓடைக்குப் போனார்கள். முந்தின நாள் மழையில் தண்ணீர் ஏறியிருந்தது.

"இன்னைக்கு வேணாமுங்க" என்றார் செல்லசாமி. "இல்லேன்னா அந்தக் கயித்த நானும் ஒரு கை புடிச்சுக்கிறேன்."

"நீங்க காலைப் பெரட்டுல வேலைக்கு வந்த ஆள எண்ணுங்க, கணக்கப்பிள்ளை. இது என் வேலை. கரையில போய் நில்லுங்க."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். செல்லசாமி கரையில் போய் நின்றார்.

மரத்தில் வாத்தியார் போட்ட முடிச்சு அவிழ்ந்தபோது கொழுந்து பறிக்கும் வேலாயியின் மகள் பூரணி பாதி ஓடையில் இருந்தாள். பாறைமேல் போய் விழுந்தாள். போட்டிருந்த உடுப்போடு இறங்கி அவளைத் தூக்கி வந்தவர் செல்லசாமிதான். நல்லவேளை, உயிருக்கு ஒன்றுமில்லை. கை முறிந்துவிட்டது.

மறுநாள் ஆபீசில் துரை முன்னால் நின்றபோது வாத்தியார், வேலை போயே போச்சு என்று நினைத்தார். அந்தப் பயத்தில் வாய் முந்திக்கொண்டது. கணக்கப்பிள்ளையும் கூடத்தான் இருந்தார், அவர் கயிற்றைப் பிடித்திருக்கலாம் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார்.

செல்லசாமி அவரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பார்வை பிறகு எத்தனையோ வருஷம் வாத்தியாரைத் தூங்கவிடவில்லை.

துரை வகுப்பை நிறுத்தச் சொன்னார். செல்லசாமியை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்.

வாத்தியாருக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும், உளவு சொன்ன ஆளுக்கு வேண்டியதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

தோட்டத்தில் வேலை போனால் வீடும் போச்சு. அந்த வாரமே செல்லசாமி வீட்டு வாசலில் லொறி வந்து நின்றது. வாத்தியார் பார்க்காத மாதிரி ஒதுங்கிப் போகப் பார்த்தார். செல்லசாமியின் மனைவி பரிமளம் கூப்பிட்டுவிட்டாள்.

"பூரணிக்குக் கை எப்படி இருக்குங்க, வாத்தியாரய்யா?"

"தேவலைம்மா. நீங்க எங்க போறீங்க?"

"வலப்பனையில எங்க அண்ணன் வீட்டுக்கு. அங்க போய்த்தான் இவருக்கு வேலை தேடணும்."

வாத்தியார் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார்.

"தொரை இவ்வளவு கடுமையா இருந்திருக்க வேணாம். வகுப்பு நடத்துறேன்னு நான் போய்க் கேட்டப்ப, மறுபேச்சு இல்லாம சரின்ன மனுஷன்..."

பரிமளம் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தாள்.

"அவரு எங்கங்க சரின்னாரு? இன்சூரன்சும் இல்ல, பயிற்சியும் இல்ல, முடியாதுன்னுல்ல சொல்ல இருந்தாரு! நீங்க போறதுக்கு முந்தியே இவருதான் போய் நின்னு, 'நம்ம புள்ளைங்களும் தேயிலையத் தவிர நாலு விஷயம் கத்துக்கட்டுங்க, ஏதாச்சும் ஆயிட்டா என் வேலைய எடுத்துக்குங்க தொரை'ன்னு சொல்லிட்டு வந்தாரு."