துணைக்குப் போனவள்

"நாப்பத்திரண்டு வயசுல நீச்சல் கத்துக்கப் போறாளாம்!"

வேலை முடிந்து வந்த ஆக்சிலியா செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"யாருட்டி?" என்றான் கணவன் வியாகுலம்.

"பக்கத்து வீட்டு உமா மகேஸ்வரிதான். டூரிஸ்ட் பொம்பளைங்களோட கடல்ல இறங்க உள்ளூர்ப் பொம்பளைங்க வேணுமாம். மூணு மாசம் கிளாஸ், பாஸ் பண்ணினா போட் கம்பெனியில வேலை. ஆண்டிபட்டிக்காரிக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?"

"நீயும் போயேன். பதினெட்டு வருசமா இறால் உரிச்சுக்கிட்டே இருக்கே."

"எனக்கெதுக்குக் கிளாஸ்? நான் கடல்காரி!"

"ஆமா, கணுக்கால் வரைக்கும்" என்று சிரித்தான் வியாகுலம்.

அவளுக்கு நீச்சல் தெரியாது என்பது அவனுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அவர்கள் சொந்த ஊரில் பெண்கள் மீனை விற்பார்கள். கடலில் இறங்க மாட்டார்கள். ஆனால் ஆக்சிலியா மீன் மாதிரி நீந்துவாள் என்றுதான், அவர்கள் பிழைக்க வந்த அந்தமானில், கராச்சர்மா முழுக்கப் பேச்சு. அவளும் மறுத்ததில்லை. இப்போது எந்த முகத்தோடு போய்ப் பெயர் கொடுப்பது? அந்த வேலை உமாவுக்குப் போகப்போகிறது என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

மறுநாள் உமாவே வந்தாள்.

"அக்கா, தனியாப் போகப் பயமா இருக்கு. நீங்களும் பேர் குடுத்துட்டுத் துணைக்கு வாங்களேன்."

"உனக்காகத்தான் வர்றேன். துணைக்கு!" என்றாள் ஆக்சிலியா, தெருவுக்கே கேட்கும்படி.

முதல் நாள் நீச்சல் குளத்தில் ஆக்சிலியா படிக் கம்பியை விடவேயில்லை. யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் உமா அதைவிடப் பெரிய கூத்து அடித்துக்கொண்டிருந்தாள். டியூபை மாட்டிக்கொண்டும் முங்கினாள், இருமினாள், அலறினாள். "தீதி, டரோ மத்! பயப்படாதீங்க அக்கா!" என்று பெங்காலி மாஸ்டர் ஓடி வந்து தூக்கிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

இவளுக்கு முன்னால் நான் மிதந்து காட்டணும் என்று பல்லைக் கடித்தாள் ஆக்சிலியா. மிதந்தாள். பிறகு நீந்தினாள்.

தேர்வன்று அக்கரையைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தால், உமா பாதியிலேயே சுவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். ஆக்சிலியாவுக்கு வயிறு குளிர்ந்தது.

வேலைக்கான ஆர்டர் வந்ததும் லட்டோடு உமா வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டாமா?

கதவைத் திறந்தவர் உமாவின் அண்ணன் ஐயாவு. முந்தின நாள் கப்பலில்தான் ஊரிலிருந்து வந்திருந்தார்.

"உமா கடைக்குப் போயிருக்கும்மா. என்ன விசேசம்?"

"நீச்சல் தேர்வுல பாஸ் பண்ணிட்டேன். உமாதான் பாவம், பெயில். தண்ணியைக் கண்டாலே நடுங்குறா."

"உமாவா?" ஐயாவு வாய்விட்டுச் சிரித்தார். "எங்க தோட்டத்துக் கிணத்துல தலைகீழாக் குதிச்சு, அடிமண்ணை அள்ளிட்டு வர்றவம்மா அவ! உனக்கு எதுக்குடி நீச்சல் கிளாஸுன்னு போன்ல கேட்டேன். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணைக்குப் போறேண்ணேன்னு சொன்னா."